பனங்காட்டில் பான்டியாக்

உலகத்தின் முதல் மாடல் கார் ஆசாமி டெட்ராய்ட்காரர் என்று அமெரிக்கர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. யாரும் அவர்களைத் திருநாவலூருக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் கெடார் இருக்கிறது. பஸ்ஸில் தூங்கினால் தவறவிடக்கூடிய ஊர்தான். ஆனால் கெடாரை நடுவில் வைத்து, மண்டகப்பட்டும் திருவெண்ணெய்நல்லூரும் திருநாவலூரும் உள்ளே வரும்படி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். வண்டியைச் சின்னதாகச் செய்து ரசிக்கிற பைத்தியத்தின் சரித்திரம் முக்கால்வாசி அதற்குள் அடங்கிவிடும். டெட்ராய்ட் வெறும் பின்னிணைப்பு.

திருநாவலூர்த் தெருவில் ஒரு குழந்தை சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்த திருமுனைப்பாடி நாட்டு மன்னர் நரசிங்க முனையரையர் நின்று பார்த்தார். நேரே குழந்தையின் அப்பா சடையனாரிடம் போய், பிள்ளையைத் தனக்கே கொடுத்துவிடச் சொன்னார். அப்பாவும் கொடுத்துவிட்டார். சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிவைத்திருக்கிறார், சந்தேகமிருந்தால் அவரைக் கேளுங்கள். பொம்மை வண்டி உருட்டியதற்குப் பரிசாக அரண்மனை வாசம்! அதற்குப் பிறகு இந்தப் பொழுதுபோக்கில் யாருக்கும் இந்த அளவு லாபம் வந்ததாகத் தெரியவில்லை. நம் வீடுகளில் அதே காரியத்துக்கு முதுகில் ஒன்று கிடைக்கும்.

அந்தக் குழந்தைதான் சுந்தரர். வளர்ந்து, புத்தூரில் மணப்பந்தலில் உட்கார்ந்திருந்தபோது கிழ வேதியர் ஒருவர் ஓலையோடு வந்து, ‘உன் தாத்தா எழுதிக் கொடுத்திருக்கிறார், நீ எனக்கு அடிமை’ என்றார். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனது. சபையார் தாத்தாவின் பழைய கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்து, கிழவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். வாதி சாட்சாத் சிவபெருமான் என்பது தீர்ப்புக்குப் பிறகுதான் தெரிந்தது. நகலை என்ன செய்தாலும் அசல் சாகாது என்பது அந்த ஊரில் அன்றே முடிவான சட்டம். அமெரிக்காவில் இது தலைகீழாக நடந்தது. அதற்குக் கொஞ்சம் பொறுங்கள், நடுவில் பல்லவர்கள் நிற்கிறார்கள்.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் ஒரு குடைவரையைக் குடைந்து, செங்கல், மரம், உலோகம், சாந்து எதுவுமில்லாமல் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் கட்டினேன் என்று கல்வெட்டில் மார்தட்டிக்கொண்டான். துண்டுகளைக் கோந்தே இல்லாமல் கிளிக்கென்று பொருத்தி வண்டி கட்டுகிற கிட்டை மாடல் கம்பெனிகள் இன்றைக்கும் தனிப் பெருமையோடு விற்கின்றன. ஏழாம் நூற்றாண்டிலேயே விழுப்புரம் மாவட்டத்தில் விளம்பரம் போட்டாகிவிட்டது. காபாலிகரையும் புத்த பிக்ஷுவையும் ஒரே நாடகத்தில் கிண்டலடித்த ‘மத்தவிலாசம்’ எழுதிய மன்னன் அவன், நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான். அவன் மகன் மாமல்லன் காலத்தது என்று சொல்லப்படும் மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கு வாருங்கள். ஓடாத ரதம், சம்பந்தமே இல்லாமல் ஒட்டிக்கொண்ட பாண்டவர் பெயர், அதிலும் வேலை பாதியில் நிற்கிறது. ஆசையாக ஆரம்பித்த கிட்டை முடிக்காமல் பரணில் போட்டுவைத்திருக்கும் எல்லோருக்கும் அது ராஜபரம்பரையின் ஆறுதல்.

இனி பின்னிணைப்பு. 1948-ல் வெஸ்ட் காலக்லி என்ற வக்கீல் மிச்சிகனில் ஏ.எம்.டி. என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஃபோர்டு காரை அலுமினியத்தில் குட்டியாக வார்த்து, அசல் காருக்கு அடித்த அதே பெயிண்டை அடித்து, கார் விற்கிற கடைகளுக்குக் கொடுத்தார். அப்பா பெரிய காரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பையன் கையில் சின்னக் கார். பிறகு யார் யாரை வாங்க வைப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. அலுமினியம் போய் பிளாஸ்டிக் வந்தது. ஆரம்பகாலப் பிளாஸ்டிக்குக்கு வயசாக வயசாக உடம்பு வளைந்துவிடும். அந்தக் காலத்துக் கார்கள் சேகரிப்பாளர் அலமாரிகளில் இன்றும் முதுகு கூனி நிற்கின்றன. 1958-ல் பையனே கட்டிக்கொள்ளும் கிட்டில், ஒரே பெட்டியில் மூன்று விதம் வந்தது. கம்பெனி விட்டபடியே கட்டலாம், அலங்காரம் பண்ணிக் கட்டலாம், பந்தயத்துக்கென்று கட்டலாம். பையன் மூன்றையும் கலந்து நாலாவதாக ஒன்றைக் கட்டினான்.

அதற்குப் பிறகுதான் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு கதைக்குள் வந்தது. மதுரைப் பாண்டியர்களுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது ஒரு செவ்விந்தியத் தலைவரின் பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம், நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன் உத்தரவை நன்றாகப் படித்தார். காரோடு வரும் இன்ஜினைப் பற்றித்தான் அதில் இருந்தது. வாடிக்கையாளர் தனியாகக் காசு கொடுத்துக் கேட்கிற இன்ஜினைப் பற்றி மூச்சு இல்லை. ஆகவே டெம்பெஸ்ட் என்ற சாதுவான குடும்பக் காரில், 295 டாலர் கூடுதல் கொடுத்தால் 389 கன அங்குல இன்ஜின் என்று 1964 மாடலில் நுழைத்தார்கள். நம் தாலுகா ஆபீஸில் ‘உத்தரவில் அப்படி எழுதலையே சார்’ என்பார்களே, அதே வித்தை. பெயரையாவது சொந்தமாக வைத்தார்களா? ஃபெராரியிடமிருந்து ஜி.டி.ஓ.வைச் சுட்டார்கள். 5,000 விற்றால் போதும் என்று நினைத்தது 32,450 விற்றது. அப்புறம் மஸ்டாங், கமாரோ, சார்ஜர், சாலஞ்சர் என்று பயில்வான் கார்க் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவையெல்லாம் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பெட்டிக்குள்ளும் வந்தன.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடின. அதே வருஷம் நவம்பரில் பெட்ரோல் விலையைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் பாராளுமன்றம் போனார். மாட்டு வண்டியாவது போய்ச் சேர்ந்தது. ஜி.டி.ஓ. 1974-ஓடு படுத்துவிட்டது, ஏராளமான அசல் கார்கள் பழைய இரும்புக்குப் போயின. பிளாஸ்டிக் நகல்கள் மட்டும் அட்டைப் பெட்டிக்குள் சுகமாகக் கிடந்தன. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் இதைக் கேட்டிருந்தால் தீர்ப்பைத் திருத்தியிருப்பார்கள்.

இந்தச் சமயத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? நாமும் மாடல் செய்துகொண்டுதான் இருந்தோம், முழு அளவில். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்து அம்பாசிடர். அதிலும் திருப்தியில்லாமல் 1984-ல் கான்டசா. நீள மூக்கு, அகல மார்பு, விறைப்பான தோள்: அமெரிக்கப் பயில்வான் கார்களுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தது. உண்மையில் உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹாலுடையது. மூடியைத் திறந்தால் உள்ளே அம்பாசிடரின் அதே 1489 சி.சி. இன்ஜின், சுமார் 50 குதிரை சக்தி. ஜி.டி.ஓ.வுக்கு 325. பிறகு இசுசு இன்ஜின் போட்டுக் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் அந்த முதல் கான்டசா மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒன்றுக்கு ஒன்று அளவில், ஆள் ஏறி உட்காரும்படி ஒரு மாடல் கிட்டைச் செய்து, அதைக் கார் என்று பதிவும் செய்த தேசம் வேறு எது?

கெடார்ப் பக்கத்துப் பையன்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நோண்டித் தின்ற நுங்குக் காய் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு ஓடக் கவட்டைக் கம்பு. வைகாசியில் வண்டி தயார், உதிரி பாகம் பனைமரத்தில். பணக்கார ரகம் வேண்டுமென்றால் சோளத்தட்டையில் சட்டம் கட்டி, அறுந்த ரப்பர் செருப்பில் வட்டமாகச் சக்கரம் வெட்டுவார்கள். செருப்பு நிஜமாகவே அறுந்திருந்ததா என்று வீட்டில் விசாரணை நடக்கும். ஹார்ன், இன்ஜின், கியர் மூன்றும் வாயிலேயே. 389 கன அங்குலச் சத்தத்தை ஒரு தொண்டையில் எழுப்பிய பிள்ளைகள் அவர்கள்.

இன்றைக்கு அதே ஊரில் ஓர் ஆயாவின் பேரனுக்கு ஜி.டி.ஓ. பெட்டி கூரியரில் வருகிறது. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுத்து, முனையைத் தேய்த்து, அதற்கான பசையைத் தொட்டால் பிளாஸ்டிக்கே இளகி ஒன்றோடொன்று ஒட்டும். அந்த அவசரத்தில் சூப்பர் பசையைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோனால் முன்கண்ணாடி மார்கழி மாதத்துப் பனிபோல வெளுத்துவிடும். அந்த ஓர் இடத்துக்கு நம்ம ஃபெவிக்கால் தேவலை, காய்ந்தால் தெரியாது. இன்ஜினுக்கு மட்டும் பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காருவான்: கார்புரேட்டர், மின்விசிறி, நூலளவு ஒயர். எல்லாம் முடிந்து திண்ணையில் வைத்தால், ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்பாள்:

“ஓடுமாடா?”

“ஓடாது ஆயா. பாக்குறதுக்குத்தான்.”

“அப்ப எதுக்குடா இஞ்சினப் போட்டு, மேல மூடியும் போட்டு மூடின?”