பெயரை நம்பிய பெரியவர்கள்

புள்ளியியல்காரர்களைப் போன்ற சந்தேகப் பிராணிகளைப் பார்க்கவே முடியாது. நாணயத்தைச் சுண்டி பத்து முறையும் தலையே விழுந்தால் நாம் கைதட்டுவோம். அவர்கள் நாணயத்தைப் பிடித்து விசாரிப்பார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் ஒரு கம்ப்யூட்டர் மொழி செய்தபோது, யார் என்ன பெயர் சொல்லிக்கொண்டு வந்தாலும் "வாங்க, உட்காருங்க" என்றுவிட்டார்கள்!

இடம் அமெரிக்காவின் பெல் லேப்ஸ். 1976-ல் ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் ஆரம்பித்த மொழிக்குப் பெயர் 'எஸ்'. 'சி' மொழி பிறந்ததும் அதே கம்பெனியில்தான். போன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் அல்லவா, எழுத்துக்கும் மீட்டர் போட்டிருப்பார்கள்!

1992-ல் ஒரு வெள்ளை அட்டைப் புத்தகத்தோடு எஸ்-க்குள் பொருளின் வகையைச் சொல்லும் கிளாஸ், அந்த வகைக்கென்று வேலை செய்யும் மெத்தட் எல்லாம் நுழைந்தன. இன்று அதற்குப் பெயர் எஸ்3. பிரிண்ட் என்று கூப்பிட்டால் பிரிண்ட் எதையும் அச்சடிக்காது. வந்த பொருளின் கிளாஸ் என்ன என்று பார்க்கும். ரிக்ரஷன் மாடலுக்கான 'எல்எம்' என்றிருந்தால், நடுவில் ஒரு புள்ளி வைத்து, 'பிரிண்ட்.எல்எம்' என்று யாராவது உண்டா எனத் தேடும். இருந்தால் வேலை அவர் தலையில், இல்லாவிட்டால் 'பிரிண்ட்.டிஃபால்ட்' தலையில். மகா தொழில்நுட்பம் என்பது கடைசியில் ஒரு புள்ளி!

கிளாஸ் உண்மைதானா? கேட்க ஆளில்லை. சும்மா நாலு எண்ணை எடுத்து 'எல்எம்' என்று கிளாஸ் கொடுத்தால் மொழி மறுபேச்சுப் பேசாது. ரிக்ரஷன் போடாமலே ரிக்ரஷன் ரெடி. பிரிண்ட் பண்ணும்போதுதான் மானம் போகும்.

மெத்தடுகள் ஒன்றையொன்று கூப்பிடும் அழகைப் பார்க்க வேண்டுமே! அதற்கென்றே 'நெக்ஸ்ட்மெத்தட்' என்று ஒரு ஃபங்ஷன். தாலுகா ஆபீஸ்தான்: "அடுத்த டேபிளுக்குப் போங்க." ஒரு ஃபாக்டரிலிருந்து, அதாவது வகைகளின் வரிசையிலிருந்து, நாலு உறுப்பைக் கேட்டால், ஃபாக்டருக்கான மெத்தட் தானாக எதையும் எடுக்காது. நெக்ஸ்ட்மெத்தடைக் கூப்பிடும். அடுத்தவர் எடுத்துக் கொடுத்ததும், லெவல்ஸையும் கிளாஸையும் திரும்ப ஒட்டித் தன் பெயரில் அனுப்பிவிடும்!

இப்போது புள்ளியின் வில்லத்தனம். எஸ்-ல் அண்டர்ஸ்கோர் மதிப்பு ஏற்றும் குறியாகப் போய்விட்டதால், பெயருக்குள் சொற்களைப் பிரிக்கவும் புள்ளியையே வைத்தார்கள். 'டி' என்றால் அட்டவணையைத் திருப்பிப் போடும் ஃபங்ஷன். 'டி.டெஸ்ட்' என்றால் புகழ்பெற்ற டி-டெஸ்ட். யாராவது 'டெஸ்ட்' என்று ஒரு கிளாஸ் வைத்து, அதைத் திருப்பிப் போடச் சொன்னால்? டி-டெஸ்ட் ஓடும்! பின்னாளில் எஸ்-ஐப் பார்த்துப் பிறந்த ஆர் மொழியில் 2020-ல் 4.0.0 வந்து மெத்தட் தேடும் முறையை மாற்றும்வரை இந்தக் கூத்து நடந்தது. இந்த டெஸ்ட்டுக்கு மூலவரான காசெட், கின்னஸ் பீர் ஆலை ஊழியர்; 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்று புனைபெயரில் எழுதியவர். பெயரை மறைத்தவரின் டெஸ்ட், பெயராலேயே மாட்டிக்கொண்டது.

சேம்பர்ஸுக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். 1998-ல் எஸ்4 கொள்கைகளைப் பச்சை அட்டைப் புத்தகமாகவே போட்டார். கிளாஸை முன்கூட்டியே பதிவு செய், எந்த ஸ்லாட்டில் என்ன வகை என்று சொல், ஒரு ஆளை மட்டுமல்ல, கூட வந்தவர்களையும் பார்த்து மெத்தடைத் தேர்ந்தெடு. கறார் பேர்வழி! அடுத்த டேபிளுக்குத் தள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை. 'கால்நெக்ஸ்ட்மெத்தட்' என்று பெயர்தான் நீண்டது.

நியூசிலாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் எஸ்-ஐப் பார்த்துப் புது மொழி செய்தார்கள். பெயர் 'ஆர்'. இருவர் பெயருக்கும் முதலெழுத்து அதுதான் என்பதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவோம். அவர்களும் எஸ்3-ஐச் சேர்த்தார்கள், பிறகு எஸ்4-உம் வந்தது, பழசை யாரும் தூக்கிப் போடவில்லை. இப்போது இரண்டுக்கும் வாரிசாக எஸ்7 என்று ஒரு பேக்கேஜ். மூன்றும் நான்கும் ஏழு, கணக்குப்பிள்ளைகள் அல்லவா!

இத்தனை வாரிசுகள் வந்தும், ஆர்-ல் எல்எம், ஜிஎல்எம், டேட்டா ஃபிரேம் மூன்றும் இன்றுவரை எஸ்3தான்.