செல்ஃப் எடுக்காத திங்கட்கிழமை

சூளகிரியிலிருந்து ஓசூருக்கு வழி கேட்டால் எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். நேர் ரோடு. ஏறினால் ஒரு பக்கம் ஓசூர், மறு பக்கம் கிருஷ்ணகிரி. வழி தவற வேண்டுமென்றால் அதற்குத் தனியாக முயற்சி எடுக்க வேண்டும். இந்த ரோட்டில் போய்வருவதற்காகத்தான் நான் காரில் ஒரு ஜிபிஎஸ் பெட்டி வைத்திருக்கிறேன்.

போனிலேயே மேப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதில் வழி பார்த்துக்கொண்டு போகும்போதுதான் வீட்டிலிருந்து அழைப்பு வரும். "முந்நூறு மீட்டரில் இடது பக்கம்" என்ற குரல் நின்று, "எங்க இருக்கீங்க, தயிர் வாங்கினீங்களா" என்ற குரல் கேட்கும். இரண்டு பெண்களுக்கு ஒரே நேரத்தில் கீழ்ப்படிகிற சாமர்த்தியம் எனக்கில்லை. அதனால் தனிப் பெட்டி. பெங்களூரு மச்சான் புதுக் கார் வாங்கியபோது, பெரிய மனசு பண்ணி என் தலையில் கட்டியது.

மேப் பழசு. அரசாங்கம் 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் நம்பரையெல்லாம் மாற்றி அறிவித்ததில் எங்கள் ஊர் வழியாகப் போகும் 7, 44 ஆகிவிட்டது. பெட்டி இன்னும் 7 என்றுதான் சொல்லும். எங்கள் தெருப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால் நான் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

தொல்லை வேறு இடத்தில். பெட்டிக்குள் இருக்கும் குட்டி பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கினால் அதற்கு எல்லாம் மறந்துபோகும். மறுபடி சொருகினால் ஆதியிலிருந்து செயற்கைக்கோள் தேட ஆரம்பிக்கும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற அந்தக் கோள்கள், எது எப்போது எங்கே இருக்கும் என்ற தங்கள் பஞ்சாங்கத்தை ஒரு தடவை முழுதாக ஒலிபரப்பி முடிக்கவே பன்னிரண்டரை நிமிடமாகும். நான் எங்கே இருக்கிறேன் என்று பெட்டி கண்டுபிடிப்பதற்குள் நான் அங்கே இருக்க மாட்டேன். ஆகவே பிளக்கைப் பிடுங்குவதே இல்லை என்று முடிவெடுத்தேன். என் முடிவுகள் எல்லாம் இப்படித்தான், காரணத்தோடு இருக்கும்.

பிளக் இருப்பது கியருக்கு முன்னால் உள்ள சிகரெட் லைட்டர் ஓட்டையில். எனக்கு சிகரெட் பழக்கமில்லை. ஓட்டை வீணாகக் கிடக்கிறதே என்ற ஆதங்கம் மட்டும் உண்டு. சில கார்களில் சாவியை எடுத்தால் அதற்குக் கரண்ட் நின்றுவிடும். சிலவற்றில் நிற்காது. மச்சான் காரில் நின்றது. மச்சான் காரில் நடப்பது உலகத்துக் கார்களில் எல்லாம் நடக்கும் என்பது எங்கள் வீட்டு மரபு.

வெள்ளிக்கிழமை ராத்திரி கேட்டைப் பூட்டப் போன மனைவி திரும்பி வந்தாள். "ஏங்க, காருக்குள்ள என்னமோ மினுக்கு மினுக்குனு எரியுதே?"

"திருட்டுப் பயம் இருக்குல்ல, எரியட்டும்" என்றேன்.

திருடன் வரவில்லை. கண்ணாடியில் வெளிச்சம் போட்டுக் காட்டியும் எவனும் சீந்தவில்லை. எந்த இடத்தையும் குறிக்கக் குறைந்தது நாலு கோள்கள் வேண்டும். சனி, ஞாயிறு முழுக்க அத்தனை கோள்களும் ஒன்றுகூடி, என் கார் வேப்பமரத்தடியில் அசையாமல் நிற்கிறது என்பதை நொடிக்கு நொடி உறுதிசெய்துகொண்டே இருந்தன.

திங்கட்கிழமை காலை அது முழு உண்மையாகவே ஆகிவிட்டது. சாவியைத் திருகினால் 'டக்' என்றது. இன்னொரு தடவை திருகினேன். இன்னொரு 'டக்'. செல்ஃப் எடுக்கவில்லை.

பின் சீட்டில் மாமியார். ஓசூரில் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் லாரி செய்கிற கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பனியனோடு வந்து, கையோடு கொண்டுவந்த மீட்டரை பேட்டரியில் வைத்தார். நல்ல பேட்டரி சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே வந்தாலே கால்வாசிகூட மிச்சமில்லை என்று அர்த்தம். என்னுடையது 11-ஐ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் மீட்டரைப் பார்த்தார், மினுக்குகிற பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னை. மூன்றிலும் ஒரே ரீடிங் வந்ததுபோல் தலையாட்டினார்.

"அரை ஆம்பியர்னு வெச்சுக்குங்க தம்பி" என்று மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். "வெள்ளி ராத்திரியிலேர்ந்து அறுபது மணி நேரம். முப்பது போச்சு. பேட்டரியே முப்பத்தஞ்சுதானே?"

மிச்சம் அஞ்சு இருக்கிறதே என்றேன். பெரியவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தள்ளத்தான் வேண்டும். கொத்தமல்லி மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய நாலைந்து பேர் கைகொடுத்தார்கள். மாமியாரை இறங்கச் சொன்னோம். "ஏறி உக்காந்துட்டு எறங்கினா சகுனம் ஆகாது" என்று அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சத்தம் போட்டுத் தள்ளினார்கள். நான் செகண்ட் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மறுபடி. டீக்கடை வந்தது, ரேஷன் கடை வந்தது, கோயிலும் வந்தது. மாமியார் கும்பிட்டுக்கொண்டார். இன்ஜினுக்கு மட்டும் அருள் வரவில்லை.

தள்ளியவர்களில் ஒருவர், மேலெல்லாம் கொத்தமல்லித் தழை ஒட்டியிருக்க, மூச்சு வாங்கிக்கொண்டே ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"சார், சாவி ஆன்ல இருக்குங்களா?"

இல்லை. இருக்கிற கொஞ்சநஞ்ச கரண்டும் வீணாகக் கூடாதே என்று அணைத்து வைத்திருந்தேன். சொன்னேனே, காரணத்தோடுதான் செய்வேன்.

சாவியைப் போட்டதும் முதல் தள்ளிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. பெட்டியும் விழித்துக்கொண்டு, முடிந்தால் யூ-டர்ன் எடுக்கச் சொன்னது. பின் சீட்டிலிருந்து மாமியார், "அந்தப் பொண்ணு சொல்றதையாவது கேளுங்க மாப்பிள்ளை" என்றார்.

இந்த பேட்டரிகள் செல்ஃப் அடிக்க ஒரு நொடி நிறையக் கொடுத்துவிட்டு, ஓடும்போது திரும்ப நிரப்பிக்கொள்ளும் ஜாதி. அடிவரை வற்றவிட்டால் ஈயத் தகட்டில் உப்புப் படிந்து ஆயுசு குறையும் என்று பேட்டரிக் கடைப் பையன் எனக்குப் பாடம் எடுத்தான். அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே நான் கார் ஓட்டுகிறேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத்தான் கேவலம்.

இப்போதெல்லாம் வீடு வந்ததும் பெட்டியைப் பிடுங்கிவிடுகிறேன். இருட்டில் பிளக் கைக்கு அகப்படாது என்பதால், மேலே உள்விளக்கைப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கழற்றி, ஒயரைச் சுற்றி, டாஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இறங்குகிறேன். போன திங்கட்கிழமை காலை மறுபடியும் 'டக்'. பெரியவர் வந்து உள்விளக்கை அண்ணாந்து பார்த்தார். அஞ்சு வாட் பல்பு. பன்னிரண்டு வோல்ட்டில் ஏறக்குறைய அதே அரை ஆம்பியர். பையிலிருந்து பழைய மளிகைச் சீட்டை எடுத்து நீட்டினார். எந்த எண்ணையும் அவர் மாற்ற வேண்டியிருக்கவில்லை.