விட்ட இடம்

தியாகராய நகரில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் சதுர அடி விலையைக் கேட்பார்கள். பிறகு கார் நிறுத்த இடம் உண்டா, தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள். கட்டிட விதிகளின் தொடக்கத்தில் வரும் வரையறை அத்தியாயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிளான் போட்டுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கும் எனக்கு இந்தப் பேட்டையின் சரித்திரம் அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. ‘தளம்’ என்பது எது, ‘உயரம்’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ‘குடியிருப்பு’ என்றால் உள்ளே என்னென்ன நடக்கலாம் என்பதை அது சொல்கிறது. நம் ஜன்னலுக்குக் காற்று வருமா, தெருவில் நெருப்பு பிடித்தால் தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியுமா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

நூறு வருஷத்துக்கு முன்பு இங்கே ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம், மாம்பலம் என்று நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை ‘லாங் டேங்க்’ என்று வரைபடத்தில் குறித்தார்கள். 1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சி நடந்த அந்த இருபதுகளில் ஏரியை வடித்து, நிலத்தை மனைகளாக அளந்து, தெருக்கள் போட்டு, நடுவில் பூங்கா வைத்தார்கள். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை என்று அந்தக் கட்சியின் தலைவர்களே இன்னும் நமக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நுங்கம்பாக்கம் பக்கம் ‘லேக் ஏரியா’ என்ற பெயரில் மட்டும் ஏரி மிஞ்சியிருக்கிறது. ஒரு ஏரியை மூடியதை நான் கொண்டாட மாட்டேன். ஆனாலும் மூடியவர்கள் ஒரு ஒழுங்கோடு செய்தார்கள். இது மக்கள் குடியிருக்கிற இடம், வீட்டைச் சுற்றி மண் தெரிய வேண்டும், தெருவில் மரம் நிற்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தார்கள். கட்டிடம் அதற்குப் பிறகு வந்தது.

நான் வளர்ந்த வீடு பஸ்லுல்லா சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருந்தது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர், அதன் இரண்டு பக்கமும் ஐந்தடிச் சந்து. அந்தச் சந்துக்கு நாங்கள் பெயர் வைத்ததில்லை. ‘சைடுல’ என்போம். துணி துவைக்கிற கல் சைடில்தான் கிடந்தது. தேங்காய் பறிக்க வருகிறவர் ஏணியோடு சைடு வழியாகத்தான் பின்கட்டுக்குப் போவார். மழைக்காலத்தில் ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீர் சந்து மண்ணில் ஊறிக் கிணற்றுக்குப் போகும். சித்திரை மாதத்தில்கூட எங்கள் கிணறு வற்றி நான் பார்த்ததில்லை.

ஒரு கோடையில், பின்கட்டில் விறகு போட்டிருந்த கீற்றுக் கொட்டகை மத்தியான வேளையில் பற்றிக்கொண்டது. வீட்டில் பெண்களும் பிள்ளைகளும்தான். பக்கத்து வீட்டு மாமா கத்திய கத்தலில் தெருவே திரண்டு வந்தது. ஒரு சந்து வழியாகக் குடங்கள் உள்ளே போயின, மறு சந்து வழியாக நாங்கள் வெளியே வந்தோம். கொட்டகை சாம்பலாகிவிட்டது, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் கிடந்த அந்த ஐந்தடியின் அருமை எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். விதிப்புத்தகத்தில் அதற்கு ‘பக்கத் திறவிடம்’ என்று பெயர் உண்டு, ஒன்றரை மீட்டர் என்று அளவும் உண்டு என்பதெல்லாம் தொழிலுக்கு வந்த பிறகு படித்தது.

தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் என்னை உடனே பேனாவைத் தொட விடவில்லை. அவருடைய அறையில் டிரேசிங் பேப்பர் சுருள்களும், பிரிண்ட் போடும் இயந்திரத்தின் அம்மோனியா நெடியும் எப்போதும் இருக்கும். விதிப்புத்தகத்தை எடுத்து வரையறைப் பக்கத்தைத் திறந்து வைத்தார். “முதல்ல இதைப் படிம்மா. கோடு போடறது எங்கேயும் ஓடிப்போயிடாது,” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் சின்னதாகப் படம் போடச் சொல்வார். உயரம் என்று நான் எழுதினால், எங்கிருந்து, எது வரை, மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம் அதில் சேருமா, தண்ணீர்த் தொட்டி சேருமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எங்கள் ஊர்க் கட்டிட விதிகளை இப்படிப் படித்தவர் யாராக இருந்தாலும், அந்த அத்தியாயத்தை எழுதியவர்கள் மேல் மரியாதை வராமல் போகாது. அவர்கள் மனிதர்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

‘குடியிருப்புப் பகுதி’ விஷயத்தையே பாருங்கள். முதன்மைக் குடியிருப்புப் பகுதியில் அங்கே வசிப்பவர் தானே நடத்தும் ஆலோசனை அறைக்கு விதி இடம் கொடுத்திருந்தது. எங்கள் தெரு டாக்டர் முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். பின்னாலேயே அவர் வீட்டுச் சமையல் வாசனை வரும். இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினாலும் திறப்பார், ஏனென்றால் அது அவர் வீடு. ‘வசிப்பவர்’ என்ற ஒரு சொல்தான் அந்த முன்னறையை வியாபாரத்திலிருந்து பிரித்து வைத்திருந்தது. அவர் காலமான பிறகு பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டார்கள். கிளினிக் மட்டும் அதே இடத்தில் வேறு வேறு பெயர்ப்பலகைகளோடு நீடித்தது. பின்னறைகள் ஸ்கேன் சென்டராகவும் மருந்துக் கிடங்காகவும் மாறின. இப்போது அங்கே யாரும் குடியில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள்.

1975-ல் சென்னையின் முதல் மாஸ்டர் பிளான் வந்தது, இரண்டாவது 2008-ல். இரண்டாவதில் ‘சிறப்புக் கட்டிடம்’ என்று ஒரு வகை இருந்தது. இரண்டு தளத்துக்கு மேற்பட்ட வீடு, அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட குடித்தனங்கள், அல்லது 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை என்றால் அது சிறப்புக் கட்டிடம், இடம் கூடுதலாக விட வேண்டும். கூட்டம் சேருகிற இடத்தில் காற்றும் வழியும் கூடுதலாக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதியது. என்னிடம் வந்த பில்டர்களுக்கு அது ஒரு கோடாகத்தான் தெரிந்தது. “மேடம், அந்த எண்ணிக்கையோட நிறுத்திக் காட்டுங்க, ஒண்ணு கூடுதலா போட்டா ஸ்பெஷல் ஆயிடும்,” என்பார்கள். அந்தக் கூடுதல் வீடு பிறகு மொட்டை மாடியில் முளைக்கும். அதை வாங்குகிறவர் யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார், வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டியிருப்பார். பிளானில் தன் வீடே இல்லை என்பது வங்கியில் கடன் கேட்கப் போகும்போதுதான் அவருக்குத் தெரியவரும். இப்படி என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதவர்களை நான் மறக்கவில்லை.

2019-ல் மாநிலம் முழுவதுக்கும் பொதுவான வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் வந்தபோது இந்தப் பழைய வகைகள் போய், உயரம் ஒன்றே அளவுகோலாயிற்று. 18.30 மீட்டர் வரை உயரமல்லாத கட்டிடம், அதற்கு மேலே போனால் உயரமான கட்டிடம். இதை நான் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். சென்னைக்கு ஒன்று, மற்ற ஊர்களுக்கு வேறொன்று என்று இருந்ததைவிட இது தெளிவு. அதே விதிகளில் எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு சாதாரணக் கட்டிடங்களுக்கு 1.5-லிருந்து 2 ஆயிற்று. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 3,600 சதுர அடி கட்டலாம் என்று இருந்தது 4,800 ஆனது. சாலை அகலமாக இருந்தால் பணம் கட்டி அதற்கு மேலும் வாங்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் வரையறை முக்கியமாகிறது. 4,800 என்பதில் எது கணக்கில் வரும், எது வராது? மாடிப்படியின் ஹெட்ரூம், லிஃப்ட் அறை போன்றவை வராது. ஸ்டில்ட் தளமும் வராது. தூண்கள் மட்டும் தாங்கி நிற்க, சுற்றிலும் அடைப்பு இல்லாமல், வண்டி நிறுத்துவதற்கென்று விடும் தரைமட்டம்தான் ஸ்டில்ட். வண்டிகள் தெருவை அடைக்காமல் உள்ளே நிற்கட்டும் என்று ஊர் அந்தப் பரப்பைக் கட்டுகிறவருக்கு இலவசமாகக் கொடுக்கிறது.

நான் பிளான் போட்ட ஒரு கட்டிடம் பாண்டி பஜாரிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. வேலை முடிந்து சில மாதங்கள் கழித்து அந்த வழியாகப் போனேன். தூண்களுக்கு நடுவே செங்கல் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஷட்டர் மாட்டக் கம்பிச்சட்டம் வைத்து, பூச்சு வேலை ஈரமாக இருந்தது. நான் வரைபடத்தில் கார்களுக்கு எண் போட்ட இடத்தில் துணி மூட்டைகள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன. உரிமையாளரைக் கேட்டேன்.

“மேடம், தூண் அப்படியேதானே இருக்கு? நடுவுல கல்லு மட்டும்தானே வச்சிருக்கேன்?”

“கல்லு வச்சதும் அது ஸ்டில்ட் இல்லை சார், தளம். உங்க கணக்கே தப்பாயிடும். மேலே இருக்கிறவங்க வண்டியை எங்கே விடுவாங்க?”

“தெருவுலதான். எல்லாரும் அங்கதான விடறாங்க.”

அவர் கெட்ட மனிதரில்லை. சொன்னதும் உண்மைதான், எல்லாரும் தெருவில்தான் விடுகிறார்கள். ஆனால் அந்தத் தெருவின் அகலத்தைக் காட்டித்தான் அவருக்குத் தளப்பரப்பே கிடைத்தது. இரண்டு பக்கமும் கார்கள் நின்றால் அந்த அகலம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். இதை அவரிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதன் பிறகு அவர் என்னிடம் வரவில்லை.

இப்படி மீறியவற்றைச் சரி என்று ஆக்கிக்கொள்ளவும் சட்டத்தில் வழி திறந்தார்கள். 1998-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குள் 113-ஏ பிரிவு வந்தது. ஒரு தடவைக்கு மட்டும், பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஒரு தடவை மறுபடி மறுபடி நீண்டது. 2006-ல் உயர் நீதிமன்றம் முதல் தடவையை ஏற்று, நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2007-ல் அவசரச் சட்டம் விதிமீறல் மீதான நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது. 2011 அக்டோபரில் ரங்கநாதன் தெருவில் விதிமீறிய கடைக் கட்டிடங்களுக்குச் சீல் வைத்தார்கள். அடுத்த பொங்கலுக்கு முன்பே உச்ச நீதிமன்றத்தின் தற்காலிக அனுமதியோடு கடைகள் திறந்தன. 2012-ல் அதே சட்டத்தில் 113-சி என்று இன்னொரு விலக்குப் பிரிவு வந்தது. நூறு வருஷத்துக்கு முன்பு சொல்லை முதலில் எழுதிவிட்டுக் கல்லை வைத்தார்கள். இப்போது கல் எங்கே போய் நிற்கிறதோ அங்கே சொல்லைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அந்தக் கடைகளில் பிழைக்கிற ஆயிரக்கணக்கான விற்பனைப் பெண்களும் பையன்களும் வேலை இழக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நாள் முழுக்க நிற்கிற அந்த ஏழாவது மாடியிலிருந்து இறங்கி ஓட ஒரு படிக்கட்டும் ஒரு சந்தும் வேண்டும் என்கிறேன்.

2017 மே 31-ம் தேதி உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டிடம் பற்றி எரிந்தது. ஒரு நாளுக்கும் மேலாக அணைக்க முடியவில்லை. ஒரு பகுதி சரிந்தது, பிறகு முழுவதையும் இடித்தார்கள். கடை திறக்கும் முன் அதிகாலையில் தொடங்கிய நெருப்பு என்பதால் உள்ளே வாடிக்கையாளர் கூட்டம் இல்லை. ஆடித் தள்ளுபடி நாளில் சாயங்காலம் ஏழு மணிக்கு அது நடந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கை நடுங்குகிறது. உயரமான கட்டிடத்தைச் சுற்றி ஏழு மீட்டர் விட வேண்டும் என்று விதி சொல்வது தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்காக. ‘திறவிடம்’ என்பது வானம் பார்க்கத் திறந்திருக்க வேண்டிய இடம். ஜெனரேட்டரும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கி வைக்க விட்டதல்ல.

2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்திருக்கிறார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டக் கிராமங்கள் உள்ளே வந்துவிட்டன. அந்தப் பக்கமெல்லாம் ஏரிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மதகும் கலங்கலும் வரத்துக்கால்வாயும் இருக்கின்றன. நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்று பேசிப் பழகியவர்கள் நாளைக்கு எஃப்.எஸ்.ஐ., ஸ்டில்ட், திறவிடம் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறார்கள். அதற்கு முன் வரையறை அத்தியாயத்தை மட்டுமாவது எளிய தமிழில், படத்தோடு அச்சடித்து, ஒவ்வொரு கிராம சபையிலும் படித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டிடத்தின் வாசலிலும் எந்தத் தளம் எதற்கு அனுமதி பெற்றது என்று பலகை மாட்ட வேண்டும். ஸ்டில்ட் என்று பலகையில் எழுதியிருந்தால் அங்கே ஷட்டர் மாட்டுவதை மேல்வீட்டுக்காரரே கேட்பார்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நானே இரண்டு பக்கத்தில் அப்படி எழுதி நகலெடுத்துக் கொடுத்துவருகிறேன். என் சித்தி ஒருத்தி, புது எல்லைக்குள் வந்த ஒரு கிராமத்தில் இருக்கிறாள். மகனுக்கு வீடு கட்டப்போகிறாள். போன வாரம் போன் செய்தாள்.

“ஏண்டி, வாய்க்கா ஓரமா இடம் விடணும்ங்கறாங்களே. இப்ப தண்ணி ஒரு முழம் அகலத்துக்குத்தான் ஓடுது. அதிலேர்ந்து அளந்தா போதுமா?”

“போதாது சித்தி. ஓடற தண்ணியை வச்சு அளக்காதே. தாலுகா ஆபீஸ்ல புலப்படம் வாங்கு. அதுல வாய்க்கால் எவ்வளவு அகலம்னு போட்டிருக்கோ அந்த எல்லைக்கல்லைத் தேடிப் பிடிக்கச் சொல்லு. சர்வேயரைக் கூட்டிட்டு வந்து அளந்த பிறகு மேஸ்திரியை வரச் சொல்லு, அதுக்கு முன்னாடி வேண்டாம்.”