ஒட்டகம் ரயிலைப் பிடிக்காது, மருமவனே!

மருமவனே, நேத்தைக்கு கொல்கத்தா பெஹாலா சௌராஸ்தா டீக்கடையில நீ சொன்ன கதையைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. வெள்ளை அம்பாசடர் காரு, பாலைவனம், மணிக்கு நூறு மைல் வேகம். கார் கூரை மேல துப்பறியுத ஃபெலூதா நிக்காரு, கையில துப்பாக்கி. பக்கத்துல ரயில் ஓடுது. ஒரே தாவு, ரயிலுக்குள்ள! பின்னால மேளம் பிளக்குது. 'சோனார் கெல்லா' படத்துலயே உசுரான சீனு அதுதான், என் ரெண்டு கண்ணால பாத்தேன்னு பெஞ்சைத் தட்டிச் சொன்ன பாரு, அந்த வங்காளிப் பயலுவ வாயைப் பொளந்துட்டானுவ. ஆச்சரியத்துலதான்னு நீ நெனச்சுக்கிட்ட. நெனச்சுக்கோ.

கலங்காதே, நான் உன் பக்கம்தான். தப்பு பண்ணது சத்யஜித் ராய். 1974-ல அந்தப் படத்துக்கு மேற்கு வங்க அரசாங்கம்தான் பணம் போட்டுது. சர்க்காரு துட்டுல கார் கூரை மேல ஆளை ஏத்த மனுசனுக்கு மனசு வரலை போலிருக்கு. அவரு என்ன எடுத்து வச்சிருக்காரு தெரியுமா? ஃபெலூதா, அவரு கூட்டாளிய தோப்ஷே, ஜடாயு மூணு பேரும் வாடகைக் காருல ஜெய்சல்மேர் பாத்துப் போறாக. வழியில எதிராளி கண்ணாடிச் சில்லைக் கொட்டி வச்சிருக்கான். டயர் போச்சு, வண்டி நின்னு போச்சு. நிக்கிற காரு மேல ஏறி எங்க தாவ? அங்கன வந்த ஒட்டகத்துல ஏறுதாக. ஜடாயு அதுல ஏறப் படுத பாட்டுக்கே கொடுத்த டிக்கெட் காசு வசூலாயிரும். தூரத்துல ரயில் வருது. ஒட்டகத்தை விரட்டிக்கிட்டு, கையை ஆட்டிக்கிட்டுப் போறாக. ரயில் நிக்கலை. அது பாட்டுக்குப் போயிருச்சு. பெறவு ராம்தேவ்ரா ஸ்டேஷனுக்குப் போயி, ராத்திரி வண்டிக்குக் காத்துக் கிடக்காக. இவ்வளவுதான் சங்கதி. இந்த ஒட்டகத்தையும் ரயிலையும் வச்சுப் படம் பிடிக்கப் பட்ட பாட்டை ராயே 'ஏகேய் போலே ஷூட்டிங்' புஸ்தகத்துல எழுதியிருக்காரு. உன்கிட்டக் கேட்டிருந்தா அந்தச் சிரமமே இருந்திருக்காது.

கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸ்ல பேனா பிடிச்சே தலை நரைச்சவன் நான். அந்த எஞ்சின் டிரைவர் பண்ணதுதான் சரின்னு சொல்லுவேன். நடுக்காட்டுல ஒட்டகத்துல வாரவன் கையைக் காட்டுதான்னு வண்டியை நிறுத்தினா, மேலதிகாரி அவனை நிறுத்திப்புடுவான். ராய்க்கு ரயில்வே விதி தெரிஞ்சிருக்கு. உனக்குக் கதை தெரிஞ்சிருக்கு. எது பெருசுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா நீ பொய் சொன்னதா எவனாவது சொன்னா அவன் நாக்கு அழுகிப்போகும். நீ பாத்ததெல்லாம் நிசம்தான். ஒரே படத்துல பாக்கலை, அவ்வளவுதான். ஞாபகம்ங்கிறது கூட்டாஞ்சோறு மருமவனே. எந்த வீட்டு அரிசி எதுன்னு பானைக்குள்ள போனப்புறம் யாரும் பிரிக்க முடியாது. நீ சொன்ன கார் வேகம் எங்கன இருந்து வந்துச்சு? 1962-ல இதே ராய், இதே சௌமித்ரா சாட்டர்ஜியை வச்சு 'அபிஜான்'னு ஒரு படம் எடுத்தாரு. சௌமித்ரா அதுல நர்சிங்குங்கிற டாக்சி டிரைவர். பழைய கிரைஸ்லர் வண்டி. அதிகாரி காரையே முந்திக்கிட்டுப் போயி லைசென்ஸைப் பறிகொடுத்த ஆளு. ரயிலைத் துரத்திப் பாயுறது? அது 1975-ல வந்த 'ஷோலே'. கொள்ளைக்காரனுவ குதிரையில ரயிலைத் துரத்துவானுவ. வெள்ளை அம்பாசடர் மட்டும் உன் சொந்தச் சரக்கு. ஆத்துக்கு அக்கரையில உத்தர்பாராவுல செஞ்ச வண்டி. 2014-ல அதைச் செய்யுறதையே நிறுத்திட்டானுவ. அது நூறு மைல் ஓடுனதை இந்த ஊர்ல ஒருத்தன் பாத்திருந்தா அவனுக்குச் சிலை வச்சிருப்பாக.

சரி, வயசுல மூத்தவன்ங்கிற முறைக்கு, இனிமே நீ அகப்படாம கதை விட நாலு புத்தி சொல்லுதேன். காது கொடுத்துக் கேளு.

முதல் புத்தி: இருக்குற கொட்டகை பேரைச் சொல்லாதே. எஸ்பிளனேடு பக்கம் லைட்ஹவுஸ்னு ஒண்ணு இருந்துச்சு பாரு, அதைச் சொல்லு. இன்னைக்கு அங்க துணி விக்கான். சுவரைக் கேட்டா ஜவுளி விலையைத்தான் சொல்லும். பெஹாலாவுலேர்ந்து டிராம் ஏறிப் போயிப் பாத்தேன்னும் சேத்துக்கோ. டயமண்ட் ஹார்பர் ரோட்டு டிராம், மெட்ரோ வேலை வந்ததோட போயிருச்சு. 2022 டிசம்பர்லேர்ந்து ஜோக்காவுக்கும் தாராதலாவுக்கும் நடுவுல தலைக்கு மேல ரயில் ஓடுது. டிராமும் இல்லை, கொட்டகையும் இல்லை. இதைவிட நல்ல சாட்சி உனக்குக் கிடைக்காது.

ரெண்டாவது: ஊர்க்காரன் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிற படத்துல கை வைக்காதே. பெஹாலாவுல ரெண்டு விசயத்துல வாய் தவறவே கூடாது. ஒண்ணு, சௌரவ் கங்குலி 2002-ல லார்ட்ஸ் பால்கனியில சட்டையைக் கழட்டிச் சுத்துனது. இன்னொண்ணு ஃபெலூதா. 1965-ல 'சந்தேஷ்' பத்திரிகையில பொறந்த ஆளு அவரு. இங்கத்துப் பிள்ளைய அரிச்சுவடி முடிச்ச கையோட அந்தக் கதையைத்தான் படிக்குதுவ. அவங்க முன்னால ஒட்டகத்தை எடுத்துட்டு அம்பாசடரை நிறுத்தினா, முருகன் மயிலை வித்து ஸ்கூட்டர் வாங்குனாருன்னு ஒருத்தன் திருச்செந்தூர்ல வந்து சொல்லுத கதைதான்.

மூணாவது: அள்ளி விடணும்னா இங்கிலீஷ் படத்துக்குப் போ. 1968-ல வந்த 'புல்லிட்' இருக்கு. சான் பிரான்சிஸ்கோ மேட்டுலயும் பள்ளத்துலயும் ஸ்டீவ் மெக்வீன் பச்சை மஸ்டாங்கை ஓட்டுதாரு, முன்னால கறுப்பு டாட்ஜ் சார்ஜர். பதினோரு நிமிசத் துரத்தல். அந்தப் படத்துல நீ என்ன சொன்னாலும் பொருந்தும், ஏன்னா படமே கொஞ்சம் புளுகிக்கிடுது. ஒரே பச்சை வோக்ஸ்வேகனை அந்த ரெண்டு வண்டியும் திரும்பத் திரும்ப முந்துதுவ. சார்ஜர்லேர்ந்து கழண்டு உருளுற வீல் கப்பை எண்ணினா நாலைத் தாண்டிப் போகுது. சக்கரம் என்னவோ நாலுதான். ஒரே ஓட்டத்தைப் பல தடவை, பல கோணத்துல எடுத்து வெட்டி ஒட்டினதுல வந்த வினை. அந்த வெட்டி ஒட்டுன வேலைக்குத்தான் ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கார் குடுத்தாக. அவரு செஞ்சதைத்தான் நீயும் செய்யுத. உனக்கு டீக்காசைக்கூட எவனும் குடுக்கலை, அதான் வித்தியாசம். ஒண்ணு மட்டும் கவனம், அந்தத் துரத்தல்ல மேளம் கொட்டிராதே. துரத்தல் சூடு பிடிச்சதும் லாலோ ஷிஃப்ரின் இசையை நிறுத்திருவாரு. பெறவு எஞ்சின் உறுமலும் டயர் கிறீச்சும்தான். பாத்தவன்ல பாதிப் பேரு இசை கேட்டதாத்தான் சத்தியம் பண்ணுவான்.

நாலாவது: படத்தைத் திரும்பப் பாத்துராதே. இது ரொம்ப முக்கியம். 1971-ல வந்த 'பிரெஞ்ச் கனெக்‌ஷன்'ல காரும் காரும் துரத்துனதாத்தானே நீ போன மாசம் சொன்ன? ஜீன் ஹேக்மன் துரத்துறது ரயிலை மருமவனே. தலைக்கு மேல பாலத்துல ரயில் ஓடுது, கீழ ரோட்டுல அவரு காரு. அதே வருசம் ஸ்பீல்பெர்க் எடுத்த 'டூயல்'ல லாரிக்காரன் மீசையை முறுக்கிக்கிட்டே சிரிப்பான்னும் சொன்ன. அவன் மூஞ்சியையே படத்துல காட்ட மாட்டாக. கை தெரியும், பூட்ஸ் தெரியும், அவ்வளவுதான். மீசை நீ வச்சு விட்டது. நல்லாத்தான் இருக்கு. திரும்பப் பாத்தா மீசை உதிர்ந்துரும், உனக்குத்தான் நட்டம்.

இதெல்லாம் உனக்கு மட்டும் வந்த சீக்குன்னு நெனச்சுராதே. படிச்ச கூட்டத்துக்கும் இருக்கு. கேம்பிரிட்ஜ்ல பார்ட்லெட்னு ஒரு வாத்தியார் 1932-ல எழுதினாரு. அமெரிக்கப் பழங்குடி ஜனங்களோட பேய்க்கதை ஒண்ணைப் படிக்கக் குடுத்து, நாள் விட்டு நாள் விட்டு அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாரு. குடைஞ்செடுத்த மரத்தோணி அவங்க வாயில சாதாரணப் படகாப் போச்சு. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பா மாறிப் போச்சு. பழகாத பண்டம் எதுவோ அதை மனசு தள்ளிட்டு, பழகுனதை வச்சுக்கிடுது. உன் மனசு ஒட்டகத்தைத் தள்ளிட்டு அம்பாசடரை வச்சுக்கிட்டதும் அப்படித்தான். ஒட்டகத்துல நீ ஏறினது கிடையாது. அம்பாசடர்லதான் உனக்குக் கல்யாண ஊர்வலமே நடந்துச்சு.

இதுக்கும் மேல ஒண்ணு கேளு. சோனார் கெல்லா வந்த அதே 1974-ல, அமெரிக்காவுல எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர்னு ரெண்டு பேரு மாணவர்களைக் கூட்டி வச்சு, காரும் காரும் மோதுத படத்துண்டைப் போட்டுக் காட்டுனாக. காட்டிட்டு, கார் எவ்வளவு வேகம்னு கேட்டாக. கேள்வியில ஒரு வார்த்தையைத்தான் மாத்துனாக. 'நொறுங்க மோதினப்போ'ன்னு கேட்டா சராசரி 40.8 மைல்னு பதில் வந்துச்சு. 'தொட்டுக்கிட்டப்போ'ன்னு கேட்டா 31.8. எல்லாரும் பாத்தது ஒரே மாதிரிப் படம்தான். இன்னொரு தடவை வேற ஆளுகளைக் கூட்டிக் காட்டி, ஒரு வாரம் கழிச்சு, 'உடைஞ்ச கண்ணாடியைப் பாத்தீயளா'ன்னு கேட்டாக. 'இடிச்சப்போ'ன்னு கேள்வி கேட்ட 50 பேர்ல 7 பேரு பாத்தேன்னாக. 'நொறுங்க மோதினப்போ'ன்னு கேட்ட 50 பேர்ல 16 பேரு பாத்தேன்னாக. படத்துல கண்ணாடியே உடையலை.

இப்பம் நான் சுத்தி வளைச்சு எங்க வாரேன்னு உனக்கு வெளங்கியிருக்கும். போன வாரம் நம்ம டீக்கடை முன்னால ஒரு ஆட்டோவும் ஸ்கூட்டரும் உரசிக்கிட்டுது. ஸ்கூட்டர் பையனுக்குக் கையில கட்டு. ஆட்டோ ஓட்டுன பயலுக்குச் சோறே அந்த லைசென்ஸ்லதான். அன்னைக்கு நீ 'வேகமா வந்தான்'னு சொன்ன. மறுநாள் அறுபதுன்ன. நேத்து எம்பதுன்ன. சாயங்காலம் ஆறு மணிக்கு டயமண்ட் ஹார்பர் ரோட்டுல எம்பதுல போக ஆம்புலன்சுக்கே வழி கிடையாது. 'நொறுக்கிப்புட்டான், ரோடெல்லாம் கண்ணாடி'ன்னு வேற ஆரம்பிச்சிருக்க. மருமவனே, அந்தக் கண்ணாடி ஜெய்சல்மேர் ரோட்டுல கிடந்தது. அதை ஏன் பெஹாலாவுக்குக் கொண்டாந்து கொட்டுத?

டீக்கடையில ஃபெலூதா ரயிலுக்குத் தாவுறதுல யாருக்கும் கை கால் முறியாது. ஆனா போலீஸ்ல கூப்பிட்டுக் கேக்கப் போறாகன்னு சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருக்கியே, அங்கன இந்தச் சரக்கை அவுத்துராதே. வெள்ளைக்காரன் 1872-ல எழுதின சாட்சியச் சட்டத்துலயே, பதிலை வாயில ஊட்டி விடுத கேள்வியை, எதிர்த்தரப்பு ஆட்சேபிச்சா, முதல் விசாரணையில கேக்கக்கூடாதுன்னு வச்சிருந்தான். மனுசன் மனசு எப்படி வளையும்னு, லாஃப்டஸ் சொல்லுததுக்கு நூறு வருசம் முன்னாலயே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா குறுக்கு விசாரணையில அப்படிக் கேக்கலாம். ஜடாயுவா வந்து நம்மளைச் சிரிக்க வச்ச சந்தோஷ் தத்தா நிச வாழ்க்கையில வக்கீலு, தெரியுமா? அவரை மாதிரி ஒரு வக்கீலு சிரிச்ச மூஞ்சியோட எந்திரிச்சு, 'எம்பதுன்னு எப்படிச் சொல்லுதீய, கையில மீட்டர் வச்சிருந்தீயளா'ன்னு கேட்டா என்ன பண்ணுவ? பெஞ்சைத் தட்டுவியா?

அந்தப் படத்துக் கதையையாவது கொஞ்சம் யோசி. போன ஜென்மம் ஞாபகம் இருக்குன்னு சொல்லுத ஒரு சின்னப் பய முகுல். அவன் ஞாபகத்தைப் புதையலுக்கு வழிகாட்டின்னு நம்பி, அவனைத் தூக்கிக்கிட்டு ராஜஸ்தான் முழுக்க அலையுதானுவ ரெண்டு திருட்டுப் பயலுவ. கடைசியில ஒரு குந்துமணித் தங்கம் கிடைச்சுதா? இல்லை. ஞாபகத்தை நம்பிப் பயணம் போனவனுக்குக் கிடைச்சது கைவிலங்கு. இதை மட்டும் ராய் சரியாத்தான் எடுத்திருக்காரு, இதை நீ மாத்திராதே.

ஆகையினால, போலீஸ்காரர் கேட்டா இப்படிச் சொல்லு: 'சத்தம் கேட்டுத் திரும்பினேன் சார், ரெண்டு வண்டியும் அப்பமே நின்னுட்டிருந்துச்சு.' அவ்வளவுதான் நீ பாத்தது. எனக்கு எப்படித் தெரியும்ங்கியா? உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். அந்த நேரத்துல நீ ரோட்டையே பாக்கலை. டீக்குள்ள முக்கின பிஸ்கட்டு உடைஞ்சு உள்ள விழுந்துட்டுதுன்னு ரெண்டு விரலை விட்டுத் துழாவிக்கிட்டு இருந்த. அதுக்கு வேணும்னா எந்தக் கோர்ட்டுலயும் நான் வந்து சாட்சி சொல்லுதேன்.