காற்றடிக்க எட்டு குவார்ட்டர்

நாற்பத்தேழு வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு ஆன்மிகம் வரும். எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. 2008 மாடல், ரத்தச் சிவப்பு, இரண்டே இருக்கை. 2019 மே மாதம் மிச்சிகனில் வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். நடந்ததில் பாதித் தப்பு என்னுடையது.

விற்றவர் தங்கமான மனிதர். டாஷ்போர்டில் ஓர் எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. மூன்றாவது வாரம், இன்ஜினை ஓடவிட்டு, ஏசி சுகத்தில் டாஷ்போர்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கறுப்பு டேப் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கடியில் மஞ்சளாக ஒரு குதிரை லாடம், அதன் நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைவு என்பதற்கான படம் அது. எத்தனை வருஷமாக அந்த இருட்டுக்குள் எரிந்துகொண்டிருந்ததோ!

டயர்தானே, காற்றடித்தால் சரியாகிவிடும் என்று பெட்ரோல் பங்குக்குப் போனேன். கதவோரம் ஒட்டியிருந்த சீட்டு 32 பி.எஸ்.ஐ. என்றது. 32 வைத்தேன். விளக்கு அணையவில்லை. மறுநாள் 34, அடுத்த வாரம் 36. 38-ஐத் தொட்டபோது, ரோட்டில் கிடக்கும் நாணயம் தலையா பூவா என்பதை என் முதுகெலும்பே சொல்லிவிடும் நிலைமை. விளக்கு மட்டும் அசையவில்லை.

"அந்தப் புஸ்தகத்த ஒருக்கா படிச்சுத்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி. வண்டியோடு வரும் கையேட்டைப் படிப்பது ஆண்மைக்கு இழுக்கு என்று அதுவரை நம்பியிருந்தேன். படித்தேன். விளக்கு தொடர்ந்து எரிந்தால் காற்று குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிஷம் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலைத்து எரிந்தால், கோளாறு டயரில் இல்லை, டயரைக் கண்காணிக்கும் ஏற்பாட்டில். என் விளக்கு தினமும் காலையில் ஒரு நிமிஷம் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. அது எனக்கு வணக்கம் சொல்வதாக நினைத்திருந்தேன். வாட்ச்மேன் தனக்குக் காய்ச்சல் என்று கதறியிருக்கிறான். நான் வீட்டுக்குப் புதுப் பூட்டாக வாங்கி மாட்டியிருக்கிறேன்.

விளக்கின் பரம்பரை என்னவோ பெரிது. 1986-ல் வந்த போர்ஷே 959தான் இந்த வசதியோடு வந்த முதல் கார் என்பார்கள். மணிக்கு 317 கிலோமீட்டர் பறக்கும் வண்டி. அந்த வேகத்தில் டயர் சொல்லாமல் கொள்ளாமல் இளைத்தால் ஓட்டுநருக்கு நேரே மேலோகம்தான். பதினான்கு வருஷம் கழித்து, 2000-ல், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த விவகாரம் அமெரிக்காவை உலுக்கியது. அந்த ஆண்டே சட்டம் வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கத் தயாராகும் எல்லாக் கார்களிலும் விளக்கு கட்டாயம். ஆனால் காற்று 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும். அதாவது 32 இருக்க வேண்டியது 24-க்கு இறங்கும்வரை வாய் திறக்க வேண்டிய கடமை அதற்கில்லை.

டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றி, காற்றடிக்கும் வால்வின் அடியில் ஒட்டியிருந்த சின்ன டப்பாவைக் காட்டினார். இதுதான் சென்சார். உள்ளே ஒரு லித்தியம் பட்டன் பேட்டரி. வண்டி நிற்கும்போது தூங்கும், சக்கரம் சுழன்றால் விழித்து, ரேடியோ அலையில் காற்றின் அளவைச் சொல்லும். பேட்டரிக்கு ஆயுள் ஐந்திலிருந்து பத்து வருஷம். என் வண்டிக்கு வயது பதினொன்று.

"பேட்டரியை மட்டும் மாற்றலாமே?"

முடியாதாம். அதிர்ச்சியும் ஈரமும் தாங்க, எல்லாவற்றையும் பிசினுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். டப்பாவையே மாற்ற வேண்டும். ஒன்று 80 டாலர், கூலி தனி. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். தமிழனின் அகராதியில் அதற்கு 'வேறு கடை பார்க்கிறேன்' என்று பொருள்.

இணையத்தில் நாலும் சேர்ந்தே 40 டாலருக்குக் கிடைத்தன. மாட்டினேன். விளக்கு வழக்கம்போலச் சிமிட்டியது. என் வண்டியின் காது 315 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். நான் வாங்கியவை ஐரோப்பிய வண்டிகளுக்கானவை, 433-ல் பேசுகிறவை. நாலு சக்கரத்திலும் நாலு பேர் ஓட ஓடப் பேசுகிறார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு சொல் விளங்கவில்லை. நொந்துபோய், டயர்களை 32-க்கு இறக்கிவிட்டு, அந்தக் கறுப்பு டேப்பைத் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே ஒட்டினேன். விற்றவர் மேல் இருந்த கோபமும் அன்றோடு தீர்ந்தது.

அக்டோபரில் மாமனார் வந்தார். நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். முதல் குளிர் விழுந்த காலை, வண்டியைச் சுற்றி வந்தவர், "காத்தெல்லாம் பாத்தீங்களா மாப்ள?" என்றார். விளக்கின் கதையைச் சொன்னேன். சிரித்தார். "எங்களுக்கு எந்த லைட்டுங்க இருந்துச்சு? டீக்கடையில நிறுத்துனா, கிளீனர் பையன் இரும்புக் கம்பில தட்டிக்கிட்டே ஒரு சுத்து வருவான். சத்தத்துலயே தெரிஞ்சுருமுங்க."

வீல் ஸ்பேனரை வாங்கி, குனிந்து, காது கொடுத்து, ஒவ்வொரு டயராகத் தட்டினார். சங்கீத வித்வான் சுருதி பார்ப்பதுபோல இருந்தது. "நாலும் ஜம்முன்னு இருக்குதுங்க மாப்ள."

எதற்கும் இருக்கட்டும் என்று பங்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே மெஷின் குவார்ட்டர் என்னும் 25 சென்ட் நாணயத்தைத்தான் விழுங்கும். "மாமா, எட்டு குவார்ட்டர் வேணும்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "காத்தடிக்கக் குவார்ட்டருங்களா? அதுவும் எட்டா?"

விளக்கிச் சொல்வதற்குள் அவர் எதற்கும் தயாராகிவிட்டிருந்தார்.

பக்கத்துக் கடையில் 12 டாலருக்கு ஒரு ஏர் கேஜும் வாங்கி, வால்வில் வைத்து அழுத்தினேன். 24, 25, 24. பின் இடது 22. ஜூலையில் 30 டிகிரி வெயிலில் 32 வைத்தது. 6 டிகிரி குளிர்ந்தால் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். அன்று காலை 2 டிகிரி. குளிர் மட்டுமே ஏறக்குறைய ஐந்தைத் தின்றிருந்தது, மீதி, மூன்று மாதத்தில் தானாகக் கசிந்தது.

மாமனார் கேஜை வாங்கிப் பார்த்தார், டயரைப் பார்த்தார். பக்கச்சுவர் நாலு விரல்கூட இல்லாத டயர்; காற்று போனாலும் வயிறு சரியாது, வெளியே தெரியாது. "இது டயருங்களா மாப்ள? சக்கரத்துக்கு மாட்டுன ரப்பர் வளையலுங்க. லாரி டயரா இருந்தா சொல்லியிருப்பேன்" என்று ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார்.

மாமனார் மட்டுமல்ல, மெஷினும் ஏமாறும். சில வண்டிகளில் டயருக்குள் சென்சாரே கிடையாது. காற்று இறங்கிய சக்கரம் சற்று வேகமாகச் சுழல்வதை வைத்து, ஏ.பி.எஸ். கண்டுபிடித்துச் சொல்லும். அதில் பழைய வகைகள் மற்ற மூன்றோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடும். நாலும் சேர்ந்து இளைத்தால்? நாலு பேரும் ஒரே தப்பை எழுதினால் வாத்தியாருக்கு எப்படித் தெரியும்?

அந்தக் குளிர்காலத்திலேயே, கடைக்காரர் சொன்ன சரியான சென்சார்களை, முழு விலை கொடுத்துப் போட்டுவிட்டேன். விளக்கு இப்போது சமர்த்தாக இருக்கிறது. ஒருநாள் அதற்கும் காய்ச்சல் வரும். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு, வண்டி குளிர்ந்திருக்கும் காலையில், கேஜோடு நாலு சக்கரத்துக்கும் குனிகிறேன். ஐந்து நிமிஷ வேலை. உங்கள் வண்டிக்கும் பத்து வயது தாண்டிவிட்டதென்றால், விளக்கு எரிந்தாலும் குனிந்து பாருங்கள். எரியாவிட்டால் கட்டாயம் குனிந்து பாருங்கள்.