பந்தி வாசல்ல நிக்கிற பேத்திக்கு

ஏ தாயி, இப்படி வந்து உக்காரு. உங்கப்பன் காலையில இருந்து ஊர் பூராவும் போன் போட்டு, "எம்மக அமெரிக்காவுல பாதிக் கெணறு தாண்டிட்டா"ன்னு அளந்துக்கிட்டு இருக்கான். பிளேன்ல பெட்டி எத்தன கிலோ ஏத்தலாம்னு விசாரணை வேற. காலேஜுக்காரன் "வெயிட்லிஸ்ட்", அதான் காத்திருக்குற பட்டியல்னு எழுதுனது அவன் காதுல என்னன்னு விழுந்துச்சோ!

நம்ம ஊர்க் கல்யாணத்துல ஐநூறு பத்திரிகை வச்சா, நானூறு எலைக்குத்தான் உலை வைப்பாக. அதே முகூர்த்தத்துல ஊருக்குள்ள நாலு கல்யாணம் நடக்கும். ஒருத்தன் ஒரு பந்தியிலதான உக்கார முடியும்? ஹார்வர்டுக்காரனும் அதைத்தான் செய்யுறான். சுமாரா 1,650 எடத்துக்கு 1,900 சொச்சம் பேரக் கூப்பிடுறான். மிச்சம் பேரு ஸ்டான்போர்டு, யேல்னு வேற பந்திக்குப் போயிருவாகன்னு அவனுக்குத் தெரியும். கணக்குத் தப்பி இன்னுங் கொஞ்சம் பேரு வராமப் போனா எலை காலியாக் கெடக்குமே, அதுக்குத்தான் உன்னைய மாதிரிப் புள்ளைகள வாசல்ல நிறுத்தி வைக்கிறது. உன் காலேஜுக்காரனும் அந்த ரகந்தான். உம்மேல பாசம் பொங்கி நிறுத்தி வைக்கல.

எத்தனாவது ஆளா நிக்கிறேன்னு கேட்டியா? நம்பர் குடுக்க மாட்டான் தாயி. பெரும்பாலான காலேஜுல வரிசையே கெடையாது. மே 1க்குள்ள எடங் கெடைச்சவுக பணங்கட்டி எடத்த உறுதி பண்ணணும். அதுக்கப்புறந்தான் தல எண்ணுவான். வாத்தியக் குழுவுல பாசூன் ஊதுற பய வேற எடம் போயிட்டான்னு வையி, வாசல்ல பாசூன் ஊதுறது யாருன்னு தேடுவான். நீ அஞ்சு வருசமா வீணை வாசிக்கிற. சில எடத்துல அந்நேரம் உதவித்தொகைப் பெட்டியும் காலியாயிருக்கும். முழுப்பணம் கட்டுற வீட்டுப் புள்ளைக்கு வாசல் கொஞ்சம் அகலமாத் தெறக்கும்.

2019ல அந்த நாட்டு அட்மிஷன் ஆலோசகர் சங்கத்துக்காரவுக ஒரு கணக்கு வெளியிட்டாக. காத்திருக்கச் சம்மதிச்சவுகள்ல நூத்துக்கு 20 பேருக்கு எடங் கெடைச்சிருக்கு. பேரு பெத்த காலேஜுகள்ல நூத்துக்கு 7. அதுவும் சராசரிதான், ஒரு சில வருசம் ஒருத்தரக்கூடக் கூப்பிடாத காலேஜும் உண்டு. 2020ல கொரோனாவுக்குப் பயந்து பல புள்ளைக வீட்டோட நின்னுக்கிருச்சு, வாசல்ல நின்னவுகளுக்கு யோகம் அடிச்சுது. உன் காலேஜு முந்தின வருசங்கள்ல எத்தன பேர உள்ள விட்டான்னு காமன் டேட்டா செட்டுங்கிற கணக்குல பாரு. உங்கப்பன் ஜோசியர் வீட்டுக்குக் கெளம்புறதுக்கு முந்தி அதை அவன் கண்ணுல காட்டு.

அதுக்காகக் கோவிச்சுக்கிட்டு வெலகிராத. "காத்திருக்கச் சம்மதமா"ன்னு கேட்டிருப்பான், சம்மதம்னு சொல்லிப்புடு. வாய மூடிக்கிட்டு இருந்தா பேர அடிச்சுருவான். கூட ஒரு கடுதாசி எழுது. ஒத்தப் பக்கந்தான். விண்ணப்பம் போட்ட பெறகு வாங்குன மார்க்கு, செஞ்ச வேல, அத மட்டும் சொல்லு. எடங் குடுத்தா நெசமாவே வருவேன்னா அதையும் எழுது, ஆனா ஒரே காலேஜுக்குத்தான். நாலு பேருக்கு ஒரே சத்தியம் பண்ணாத. அழுவாச்சிக் கடுதாசி வேண்டாம். உங்கம்மா காலேஜு ஆபீசுக்குப் போன் போட்டு "எம்புள்ள ரொம்பச் சாது"ன்னு ஆரம்பிச்சா, போனப் புடுங்கி வச்சுரு.

கூப்பிட்டாலும் மே கடைசியோ, ஜூனோ, அதுக்கும் மேலயோ ஆகலாம். பெறகு விசாவுக்குக் காலேஜுக்காரன் குடுக்குற ஐ-20 காகிதம் வரணும், சென்னைக் கான்சலேட்டுல விசாவுக்கு நாள் கெடைக்கணும். அந்த ஓட்டத்துக்குத் தெம்பிருக்கான்னு இப்பவே ரோசிச்சு வையி. அங்க போறதா முடிவாச்சுன்னா, வேற எடத்துல கட்டப்போற முன்பணமும் அநேகமாத் திரும்பாது.

எங்க கட்டப்போற பணமா? உன்னைய வாசல்ல நிறுத்தாம நேரா "வா"ன்னு கூப்பிட்டிருக்கானே ஒரு காலேஜுக்காரன், அவனுக்குத்தான். அந்தக் கடுதாசியப் பிரிச்சுக்கூடப் பாக்காம டிவி மேல வச்சிருக்கான் உங்கப்பன். மே 1க்குள்ள கட்டலேன்னா அந்த எலையும் போச்சு. நாஞ் சொன்னா மனுசன் கேக்க மாட்டான். தேதி தாண்டுனா டாலர்ல அபராதம்னு ஒரு பொய்யப் போடு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பேங்குக்கு ஓடுவான்.