இல்லற இணைய வேக இலக்கணம்: பீரோ இயல் சேர்த்துத் திருத்திய பதிப்பு

1. பாயிரம்

வீட்டுக்கு வரும் இணையக் கம்பி எவ்வளவு வேகம் தாங்கும் என்பது இதுகாறும் முறையாக ஆராயப்படவில்லை. ஆராய்ந்ததாகச் சொல்லிக்கொள்வோர் பலர் உளர். அவர்கள் செய்ததெல்லாம் கட்டிலில் படுத்தபடி ஒரு ஸ்பீடு டெஸ்ட். இப்பொருளைத் தண்ணீர்க் குழாயை உவமை காட்டி விளக்காத உரைகாரரும் இல்லை. இந்நூல் அவ்வுவமையை விலக்குகிறது. புதுமை ஒன்றாவது இருந்தால்தான் முனைவர் பட்டம். கைவசம் வேறு புதுமை இல்லை.

2. காலப் பகுப்பு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் தொடங்கிய டயல்அப் சேவையோடு பிறந்தது. மோடம் கத்திய கத்தலை வைத்து இதைக் கீச்சொலிக் காலம் என்க. அடுத்தது பிராட்பேண்டு காலம். நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் பிராட்பேண்டு என்றது 2004ஆம் ஆண்டுக் கொள்கை. 2013இல் அது 512 கிலோபிட் ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட். ஆக, 2005இல் பெருமையோடு 256 இணைப்பு வாங்கியவர் அதை மாற்றாமலே இருந்திருந்தால், 2013இல் ஒரு காலைப்பொழுதில் பிராட்பேண்டு இல்லாதவராக எழுந்திருப்பார்.

இவ்விரு காலங்களுக்கும் இடையே பிரவுசிங் சென்டர் காலம் ஒன்று உண்டு. அங்கே போனவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. எழுந்திருக்கும் முன் ஹிஸ்டரியை அழித்துவிட்டார்கள். சான்று கிடைக்காத காலத்துக்கெல்லாம் இருண்ட காலம் எனப் பெயர் சூட்டுவது நம் வரலாற்றாசிரியர் மரபு. தடுப்புக்குள் தடுப்பாக, கறுப்புக் கண்ணாடிக் கதவோடு நடந்த தொழில் என்பதால் அப்பெயர் முதல்முறையாக இங்கேதான் பொருந்துகிறது.

3. அலகு இயல்

எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். வேகத்தைப் பிட்டில் விற்பார்கள். கோப்பு இறங்குவதைக் கணினி பைட்டில் காட்டும். எனவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. மீதி 87.5 எங்கே என்று கஸ்டமர் கேரோடு சண்டையிட்ட மரபு ஒன்று உண்டு. (இரண்டாம் மாடி வாய்மொழி வழக்கு, வாட்ச்மேன் செவிவழிச் சான்று.)

4. எஃப்யூபி இயல்

மாதக் கடைசியில் விளங்கும்.

5. கம்பி இயல்

கம்பி இரண்டு வகைத்து: செம்பும் கண்ணாடியும்.

செம்பாவது பழைய தொலைபேசிக் கம்பி. இதில் வேகத்தை நிர்ணயிப்பது மாதக் கட்டணம் அன்று, எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். ஏடிஎஸ்எல்2 பிளஸ் ஏட்டளவில் 24 மெகாபிட் தரும். எக்ஸ்சேஞ்சுக்குப் பின்தெருவில் குடியிருப்பவர் அதை எட்டிப் பிடிக்கலாம். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்கு ஓரிரு மெகாபிட் மிஞ்சினாலே பெரிது. தூரம் கூடக்கூட உயர் அதிர்வெண்கள் தேய்ந்துபோவதே காரணம். அலைவரிசையின் அகலம் எவ்வளவு, இரைச்சலை மீறிச் செய்தி எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்னும் இரண்டும் தெரிந்தால் கம்பி தாங்கும் உச்ச அளவைக் கணக்கிட்டுவிடலாம் என்று கிளாட் ஷானன் 1948இலேயே சூத்திரம் எழுதிவைத்தார். அவருக்கு முன்பே தமிழர் இதை அறிந்திருந்தனர் என நிறுவ இவ்வாசிரியருக்கு ஆவல்தான். அடுத்த கருத்தரங்கில் வேறொருவர் எப்படியும் நிறுவிவிடுவார் ஆகலின், அவருக்கு இடம் விடப்படுகிறது.

கண்ணாடியாவது ஃபைபர். பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓர் இழை கீழ்நோக்கி ஏறத்தாழ 2.5 கிகாபிட், மேல்நோக்கி 1.25 கிகாபிட் சுமக்கும். அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். எல்லா வீடும் ஒரே நொடியில் நூறு நூறாக இழுத்தால் வகுத்தல் கணக்கு இடிக்கும். ஆனால் எல்லா வீடும் ஒரே நேரத்தில் எதையும் செய்வதில்லை, சங்கச் சந்தா கட்டுவது உட்பட. இரவில் மட்டும் அந்த ஒற்றுமை கொஞ்சம் தலைகாட்டும். அப்போது வேகம் சற்றுத் தளரும். மற்றபடி இழைமேல் குற்றமில்லை, அதை மடக்கி ஆணியில் மாட்டாத வரை.

தேவையையும் நோக்குக. 4கே படம் ஒன்றுக்கு 15 மெகாபிட் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். ஒரு குடும்பமே ஆளுக்கொரு மூலையில் முகம் திருப்பிக்கொண்டு படம் பார்த்தாலும் 100 நிரம்புவது அரிது. பின் ஏன் படம் நின்று நின்று அந்த வட்டம் சுற்றுகிறது? இவ்வினாவே நம்மைப் பீரோவிடம் கொண்டுசேர்க்கிறது.

6. பீரோ இயல்

ரவுட்டர் எங்கே அமரும்? ட்ரில் சுவரைத் துளைத்த இடத்தில். ட்ரில் எங்கே துளைக்கும்? ப்ளக் பாயிண்ட் உள்ள இடத்தில். ப்ளக் பாயிண்ட் ஏன் அங்கே இருக்கிறது? அது வீடு கட்டிய மேஸ்திரிக்கே வெளிச்சம். அந்த இடத்தில் ஏற்கெனவே பீரோ நிற்கும் என்பது மட்டும் ஐயமற்ற முடிபு.

ஷோகேஸ், டிவி முதுகு, பூஜை அலமாரி என வேறு இருக்கைகளும் உள. அவை எளியன, விடுக்க.

பீரோவின் மேல் வைத்தலே சாலும் என்பர் ஒருசாரார். (மாமனார் உரை, சாய்வு நாற்காலிப் பகுதி.) என்னை? உயரத்தில் வைத்தால் அலை கீழே இறங்கும் ஆகலின். அது பொருந்தாது. பீரோ இரும்புத் தகடு. வானலை அதில் பட்டுத் திரும்புமேயன்றி ஊடுருவாது. அதன் மறுபுறம் நிழலே விழும் என்க. கதவில் பதித்த ஆளுயரக் கண்ணாடியின் பின்பூச்சும் உலோகமே. அதுவும் இரும்பின் கட்சி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டி ஓரளவு தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிக்கது, ஆனால் கான்கிரீட்டைக் கண்டால் களைத்துவிடும். இவ்விரண்டில் எதுவும் பட்டுப்புடவைக்காகக்கூட இரும்பைத் துளைத்து உள்ளே போனதில்லை.

பீரோவின் பின்னே வைத்தலே அழகு, வயர் வெளியே தெரியாது என்பர் மற்றொரு சாரார். (மாமியார் மறுப்புரை, மாமனார் உரைக்கு எதிராக அல்ல, அதன் குறுக்கே எழுந்தது.) இவ்வுரை அலையியல் நோக்கில் பிழையுடைத்து; எனினும் வீட்டில் நடைமுறையில் உள்ள ஒரே உரை இதுவே.

இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கி, பீரோவையே நகர்த்தலாம் என்றது மருமகன் சமரச உரை. இவ்வுரை முழுமையாகக் கிடைக்கவில்லை. "பீரோவைக் கொஞ்சம்" என்னும் இடத்தில் சுவடி முறிந்திருக்கிறது. கறையான் அரித்ததன்று, மேலே எழுதப்படவில்லை.

நான்காவது உரை ரவுட்டர் தலையில் தூசு படியாமல் பூவேலைத் துணி போர்த்துவது பற்றியது. (அடுக்ககச் சங்க வாட்ஸ்அப் சுவடி, குட்மார்னிங் படங்களும் காணாமற்போன செருப்பு பற்றிய அறிக்கைகளும் நீக்கிய செம்பதிப்பு, மூன்றாம் குரல்பதிவு, இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி, மூன்றாம் விசிலுக்குப் பிந்தியவை இடைச்செருகல்.) துணி அலையைத் தடுக்காது, சூட்டைத்தான் அடைக்கும் என அறிக.

7. முடிபு

குற்றம் கம்பியினுடையதா, வீட்டினுடையதா என்று அறிய வழி ஒன்றுண்டு. லேன் கேபிளின் ஒரு முனையை ரவுட்டரிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகி அளக்க வேண்டும். 100 மெகாபிட் இணைப்பு 94ஐ ஒட்டிக் காட்டினால் கம்பி குற்றமற்றது. 300க்குப் பணம் கட்டியும் அதே 94 வந்தால், ரவுட்டரின் போர்ட்டே 100க்குமேல் தாங்காத பழசாக இருக்கலாம். அல்லது கேபிளில் எட்டு இழைக்கு நான்கே வேலை செய்யலாம். வழியில் எது குறுகலோ அதுவே வேகம்.

இது சில நிமிட வேலை. ஆயினும் மேற்கண்ட உரைகாரருள் ஒருவரும் செய்யாதது. கல்லை நேரில் பாராமலே கல்வெட்டுக்கு ஒருவர் நூல் எழுதி, கல்லைப் பாராமலே மற்றவர் அதை மறுத்து, இருவரையும் மேற்கோள் காட்டி மூன்றாமவர் பதவி உயர்வு பெறும் துறையில் கேபிள் செருகுவது மரபு மீறலே. செருகினால் ஆய்வு முடிந்துவிடும். முடிந்த ஆய்வுக்கு நல்கை ஏது?

துணிந்து செருகியவர்க்கும் விடிவில்லை. குற்றம் பீரோவினுடையது என்று தெரிந்தபின் அதை வீட்டில் யாரிடம் சொல்வது? எனவே அவர்கள் கஸ்டமர் கேரை அழைத்து 100 போதவில்லை என்பார்கள். 300க்கு மாற்றித் தரப்படும். பீரோவுக்குப் பின்னால் அந்த 300ம் ஒரு சேதமுமின்றிப் பத்திரமாக இருக்கும்.